வாசகர் கேள்வி – பதில்: பதகளிப்புக்குத் தாவோ வழி உளச்சிகிச்சை, நம் சமயத்துக்கு ஆகுமா?

சாவகச்சேரியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: கனடாவில் இருக்கும் என் மகளுக்கு இரண்டு வருடமாகப் பதகளிப்பு. நெஞ்சு படபடக்கும், நித்திரை இல்லை. இப்போது ஒரு சீன உளச்சிகிச்சையாளரிடம் போகிறாள். தாவோ நூலிலிருந்து எடுத்த 32 எழுத்துகளை மனனம் செய்யச் சொல்லியிருக்கிறாராம். தேவாரம் படித்து வளர்ந்த பிள்ளை. இது மறைமுகமான மதமாற்றமா? நான் தடுக்க வேண்டுமா?

தடுக்க வேண்டாம் ஐயா. ஆனால் அந்த 32 எழுத்தும் என்ன சொல்கின்றன என்று நீங்களும் தெரிந்து வைத்திருங்கள். மகளோடு கதைக்க அது உதவும்.

சீனாவில் தாவோ என்ற பெயருக்குள் இரண்டு விடயங்கள் இருக்கின்றன. ஒன்று, லாவோ சு பெயரில் வழங்கும் 81 சிறு அதிகாரங்கள் கொண்ட 'தாவோ தே ஜிங்' நூலின் தத்துவம். மற்றது தெய்வங்களும் குருக்களும் மந்திரத் தகடுகளும் உள்ள சமயம். ஹுனான் மாகாணத்துச் சாங்ஷா நகரில் ஜாங் யாலின், யாங் தெசென் ஆகிய மனநல வைத்தியர்கள் உருவாக்கிய சிகிச்சை முதலாவதைத்தான் எடுத்துக்கொண்டது. நினைப்பைத் திருத்தி மனத்தை ஆற்றும் மேலைநாட்டு முறையை வரிச்சாகக் கட்டி, அதன்மேல் தாவோவின் சொற்களை வேய்ந்தார்கள் என்று சொல்லலாம்.

2002இல் வெளிவந்த அவர்களது ஆய்வில் தீராப் பதகளிப்பு உள்ள 143 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பதற்றம் தணிக்கும் குளிசை மட்டும், ஒரு குழுவுக்கு இந்த உளச்சிகிச்சை மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும். ஒரு மாதத்தில் குளிசைக் குழு விரைவாகத் தேறியது. ஆறாவது மாதத்தில் அந்தத் தேற்றம் நிலைக்கவில்லை. உளச்சிகிச்சைக் குழுவில் முதல் மாதம் பெரிய மாற்றம் இல்லை. ஆறாவது மாதத்தில் நல்ல மாற்றம். இரண்டும் பெற்றவர்களுக்கு விரைவும் கிடைத்தது, நிலைப்பும் கிடைத்தது. ஒப்பிட்டது குளிசையோடுதான், மற்ற உளச்சிகிச்சைகளோடு அல்ல. ஆகவே "எல்லாவற்றிலும் இதுவே மேல்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மகள் ஒரு மாதம் போய்விட்டு "ஒன்றும் சுகமில்லை அப்பா" என்றால் அவசரப்பட்டு நிறுத்தச் சொல்லவும் வேண்டாம்.

32 எழுத்தும் நாலு இணைகள். தமிழில் இப்படி வரும்:

நன்மை செய், கேடு செய்யாதே. செயலைச் செய், போட்டி போடாதே.
தன்னலம் குறை, ஆசையைச் சுருக்கு. போதும் என்று அறி, நிற்கும் இடம் அறி.
இணக்கம் அறி, தாழ நில். மென்மையால் வன்மையை வெல்.
தெளிந்து அமைதியாய் இரு, வலிந்து செய்யாதே. இயல்பின் வழி போ.

முதல் மூன்றிலும் சைவருக்குச் சங்கடம் எதுவும் இல்லை. மூன்றாவதை ஔவையார் நல்வழியில் இதைவிட அழகாகச் சொல்லியிருக்கிறார்: வேழத்தில் பட்டுருவும் கோல் பஞ்சில் பாயாது, பாரைக்கு நெக்குவிடாத பாறை பசுமரத்தின் வேருக்கு நெக்குவிடும். ஆசிரியரான உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேறுபாடு நாலாவதில் இருக்கிறது. அதை மழுப்பக் கூடாது. தாவோ என்பது வழி. அது ஆள் அல்ல, அதற்கு அன்பும் இல்லை, கோபமும் இல்லை. தாவோ தே ஜிங்கின் 5ஆம் அதிகாரம், வானும் மண்ணும் இரக்கம் காட்டுவதில்லை, எல்லா உயிர்களையும் வைக்கோல் நாய்களாகவே நடத்துகின்றன என்கிறது. வைக்கோல் நாய் என்பது பழைய சீனச் சடங்கில் படைத்துவிட்டுப் பிறகு எறியும் பொம்மை. சிவபுராணத்திலும் நாய் வருகிறது: "நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்குத் தாயிற் சிறந்த தயாவான தத்துவனே." ஒன்றில் கேட்பதற்கு ஆள் இல்லாத பேரியற்கை, மற்றதில் கடைப்பட்டதைத் தேடி வந்து எடுக்கும் தாய். பதகளிப்பில் இரவு இரண்டு மணிக்கு எழும்பி இருக்கும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு சிறிய விடயம் அல்ல.

மகளிடம் சொல்லுங்கள்: நாலாவது இணையில் "இயல்பின் வழி" வரும் இடத்தில் மனத்துக்குள் "திருவருளின் வழி" என்று வைத்துக்கொள்ளட்டும். சிகிச்சையின் வேலை அதனால் கெடாது; சிகிச்சையாளரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லிச் செய்வது இன்னும் நல்லது. "யாதொரு தெய்வங் கொண்டீர் அத்தெய்வமாகி ஆங்கே மாதொரு பாகனார்தாம் வருவர்" என்று சிவஞான சித்தியார் சொல்லும் விரிவு நமக்கு இருக்கிறது. ஆனால் தகடு, தாயத்து, தீட்சை, வேறு வழிபாடு என்று கேட்கத் தொடங்கினால் அது சிகிச்சையைத் தாண்டிவிட்டது. அந்த இடத்தில் எழும்பி வந்துவிட வேண்டும்.

கோண்டாவில் வாசகி: இதெல்லாம் நம்மிடம் இருக்கிறதுதானே? மகனின் அகதி வழக்கை நினைத்து எனக்கும் ஒரு வருடமாக ஒரே யோசனை. தேவாரம் படிக்கிறேன், நேர்த்தி வைக்கிறேன். குறையவில்லை. என் பக்தி போதாதா?

பக்தி போதாது என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தச் சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள் அம்மா. "தனக்குவமை இல்லாதான் தாள்சேர்ந்தார்க் கல்லால் மனக்கவலை மாற்றல் அரிது" என்ற குறள் உண்மை. தைரொயிட் கூடினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், நித்திரை போகும் என்பதும் உண்மை. முதலில் வைத்தியரிடம் போய் அந்த இரத்தப் பரிசோதனையைச் செய்வியுங்கள். நாளைக்கு எத்தனை தேத்தண்ணி, கோப்பி குடிக்கிறீர்கள் என்றும் எண்ணுங்கள்.

நம்மிடம் சொற்கள் இருக்கின்றன என்பது சரி. குறைவது வரிசை. "எல்லாம் அவன் செயல், விடு" என்று அயலார் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். சீன முறையில் தத்துவம் நாலாவது படியில்தான் வருகிறது. அதற்கு முன் மூன்று படி வேலை. தாவோவை விட்டுவிட்டு இந்த வரிசையை மட்டும் எடுத்தாலும் சைவருக்கு ஆதாயம்தான். உங்கள் கதைக்கே பொருத்திச் சொல்கிறோம். 80 பக்கக் கொப்பி ஒன்று எடுங்கள்.

முதல் படி, சுமையைக் கணக்கெடுப்பது. இந்த ஒரு வருடத்தில் வந்த பாரங்களை வரிக்கு ஒன்றாக எழுதி, 0 முதல் 10 வரை புள்ளி போடுங்கள். மகனின் வழக்கு, பயணத்துக்குப் பட்ட கடன், முழங்கால் நோ, மூத்தவளின் கலியாணப் பேச்சு. வழக்குத்தான் 10 என்று நினைத்து உட்கார்ந்தவர், எழுதி முடிக்கும்போது கடனுக்கு 9 போட்டு வைத்திருப்பார். கடன் என்றால் அதற்குச் செய்யக்கூடிய வேலை இருக்கிறது. தேவாரத்தை அதற்குப் பதிலாக வைக்க முடியாது.

இரண்டாவது, எதை உயிராக நினைக்கிறோம் என்று பார்ப்பது. சிறு கடதாசித் துண்டுகளில் ஒன்றொன்றாக எழுதுங்கள்: மகனின் உயிர்ப் பாதுகாப்பு, வீடு, பிள்ளைகளின் படிப்பு, ஊருக்கு முன்னால் தலை குனியாமல் இருப்பது, கடவுள், உங்கள் உடல்நலம். பிறகு மேசையில் மேலிருந்து கீழாக அடுக்குங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். "ஊர் என்ன சொல்லும்" என்ற துண்டு கை தன்பாட்டில் எந்த இடத்தில் வைக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவது படியைத்தான் பலர் தாவிவிடுகிறார்கள். மனத்துக்குள் மோதும் இரண்டு ஆசைகளை எழுத வேண்டும்: மகன் அங்கே நிலைக்க வேண்டும், மகன் என் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்காது. மனம் இரண்டையும் பிடித்து இழுப்பதால்தான் களைக்கிறது. அதற்குக் கீழே, பதற்றம் வந்தால் நீங்கள் செய்வதை எழுதுங்கள். மகனுக்கு ஒரு நாளில் எத்தனை தடவை அழைப்பு எடுக்கிறீர்கள்? அவன் வட்சப்பில் கடைசியாக எத்தனை மணிக்கு வந்தான் என்று எத்தனை தரம் பார்க்கிறீர்கள்? ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், ஆறுதல் எவ்வளவு நேரம் நின்றது என்று எழுதுங்கள். பெரும்பாலும் அரை மணித்தியாலம். நேர்த்தியும் இந்த வகைக்குள் விழுந்துவிடலாம். ஒரு வேண்டுதல் வைத்து அதில் மனத்தை இறக்கி வைத்தால் அது பக்தி. அடுத்த நாள் சந்தேகம் வந்து இன்னொரு கோயில், அதற்கடுத்த நாள் சாத்திரியார், பிறகு கட்டுநூல் என்று போனால் அது பதகளிப்பு பக்தியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு நடப்பது. வைத்த நேர்த்தியை வைத்தபடி விடுங்கள், புதிதாக ஒன்றும் வேண்டாம். அழைப்பை முதல் கிழமை பாதியாக்குங்கள், பிறகு நாளுக்கு ஒரு தடவை, குறித்த நேரத்தில்.

இவ்வளவும் செய்த பிறகு நாலாவது படியில் சொல்லுக்கு வாருங்கள். கிழமைக்கு ஒரு சொல் போதும். அப்பர் சுவாமிகளின் "அஞ்சுவது யாதொன்றுமில்லை அஞ்ச வருவதுமில்லை" என்ற அடியையே எடுக்கலாம். காலையிலும் படுக்கும்போதும் ஐந்து நிமிடம் மெதுவாகச் சொல்லி, அன்றைய பாரம் ஒன்றோடு பொருத்தி இரண்டு வரி எழுதுங்கள். பொருத்தாமல் மனனம் மட்டும் செய்தால் நாக்குத்தான் பழகும்.

ஐந்தாவது, அளந்து பார்ப்பது. நாலு கிழமைக்கு ஒருக்கால் முதல் பக்கத்துப் புள்ளிகளைத் திரும்பப் போடுங்கள். வைத்தியசாலைகளில் ஏழு கேள்வி கொண்ட பதகளிப்பு அளவுகோல் ஒன்று பாவிக்கிறார்கள். கேள்விக்கு 0 முதல் 3, மொத்தம் 21. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கொப்பியோடு நிற்காமல் மனநல கிளினிக்குக்குப் போக வேண்டும்.

குருநகர் கத்தோலிக்க வாசகர்: தாவோ, தியானம் எல்லாம் 'புதுயுக' (நியூ ஏஜ்) மாயை, கிட்டவும் போகக் கூடாது என்று செபக் கூட்டத்தில் சொன்னார்கள். உளவளத்துணைக்குப் போகிற இடத்தில் தாவோ வசனம் வந்தால் என்ன செய்வது?

திருச்சபை இதில் கூட்டத்தை விட நிதானமாகப் பேசியிருக்கிறது. 2ஆம் வத்திக்கான் சங்கம் 1965இல் பிற சமயங்கள் பற்றி வெளியிட்ட அறிக்கை, அவற்றில் உண்மையும் புனிதமுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்கிறது. 1989இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் தியானம் பற்றி எழுதிய மடல், கீழைத்தேய முறைகளில் பயனுள்ளதை எடுக்கலாம், ஆனால் கிறிஸ்தவ செபத்தின் இயல்பு மங்கக் கூடாது என்று எல்லை கட்டியது. உடல் தளர்வதால் வரும் இதத்தைத் தூய ஆவியின் ஆறுதல் என்று மயங்கக் கூடாது என்றும் எச்சரித்தது. 2003இல் வத்திக்கான் புதுயுகம் பற்றி வெளியிட்ட ஆவணத்தின் கவலையும் இதைச் சார்ந்ததுதான்: கடவுளை ஒரு சக்தியாகக் கரைத்துவிடுவது, மீட்பை ஒரு நுட்பமாக்கிவிடுவது.

ஆகவே "ஆசையைச் சுருக்கு, போதும் என்று அறி" என்று துணையாளர் சொன்னால் நிம்மதியாகக் கேளுங்கள். அதை மத்தேயு 6ஆம் அதிகாரத்தின் முடிவோடு சேர்த்துப் படியுங்கள். நாளைய கவலையை நாளைக்கு விடச் சொன்னவர், உங்கள் தேவையை அறிந்த விண்ணகத் தந்தை இருக்கிறார் என்ற காரணத்தையும் சேர்த்துத்தான் சொன்னார். தாவோவில் அந்தக் காரணம் இல்லை. அதை நீங்கள் கொண்டு போக வேண்டும்.

இன்னொன்று. பதகளிப்பு பாவம் அல்ல. அதைப் பாவமாக எண்ணி ஒரே விடயத்துக்காகத் திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒப்புரவு முடிந்தால் முடிந்ததுதான். திரும்பச் சொல்லத் தூண்டுவது நோய். ஒரே குருவானவரிடம் போய், நோயையும் அவரிடம் சொல்லி, "இதைத் திரும்பச் சொல்லாதே" என்று அவர் தரும் கட்டளையைக் கேட்டு நடப்பதே பழைய, நல்ல வழி.

மானிப்பாய் தாயார்: மகன் உயர்தரம் இரண்டாம் தடவை எடுக்கப் போகிறான். போனில் தாவோ பொன்மொழி பார்த்துவிட்டு "எல்லாம் தன்பாட்டில் நடக்கும், வலிந்து செய்யக் கூடாது" என்று ரியூசனுக்கும் போகாமல் இருக்கிறான். யோகர் சுவாமியும் சும்மா இரு என்றுதானே சொன்னார் என்கிறான்.

தோட்டத்தில் வெங்காயப் பாத்திக்குத் தண்ணி மாறுகிறவரை மகனுக்குக் காட்டுங்கள். அவர் தண்ணீரைத் தள்ளுவதில்லை, மேட்டில் ஏற்றப் பார்ப்பதும் இல்லை. வரம்பில் மண்வெட்டியால் ஒரு வாய் வெட்டுகிறார், பாத்தி நிறைந்ததும் அதே மண்ணால் அடைத்து அடுத்ததைத் திறக்கிறார். ஒரு நிமிடம் பிந்தினால் வரம்பு உடைக்கும். தாவோ சொல்லும் 'வு வெய்', வலிந்து செய்யாமை, இதுதான். மண்வெட்டியை வைத்துவிட்டுப் போய்ப் படுப்பதற்கு அந்தச் சொல் இடம் தரவில்லை.

யாழ்ப்பாணத்து ஞானியான யோகர் சுவாமி துறவுக்கு முன் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலையில் களஞ்சியப் பொறுப்பில் இருந்தவர். "எப்பவோ முடிந்த காரியம்", "சும்மா இரு" என்ற சொற்களோடு அவர் விட்டுப்போன மற்றச் சொல் 'சிவதொண்டு'. 1935இல் தொடங்கிய 'சிவதொண்டன்' இதழுக்கே அந்தத் தொண்டின் பெயர்தான். சும்மா இருக்க வேண்டியது "நான்" என்ற முனைப்பு. கை சும்மா இருக்கச் சொல்லவில்லை.

மகனுக்கு வந்திருப்பது தவிர்ப்பு. வகுப்புக்குப் போகாத அன்று பயம் சட்டென்று குறையும். அந்த நிம்மதியே அடுத்த நாளும் போகவிடாது. ஆகவே சிறிதாகத் தொடங்குங்கள். முதல் மூன்று நாள் கடந்தகால வினாத்தாளில் ஒரே ஒரு கேள்வி, 20 நிமிடம், மணிக்கூடு வைத்து. பதற்றம் வந்தாலும் மணி அடிக்கும்வரை கதிரையை விட்டு எழும்பக் கூடாது. பிறகு இரண்டு கேள்வி, பிறகு அரைத் தாள், இரண்டாம் கிழமை முழுத் தாள். எத்தனை புள்ளி என்று நீங்கள் கேட்க வேண்டாம். இருந்து முடித்தானா என்று மட்டும் பாருங்கள். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி அவன் கையில் இல்லை, அந்த 20 நிமிடம் அவன் கையில் இருக்கிறது. "செயலைச் செய், போட்டி போடாதே" என்ற முதல் இணை உயர்தரப் பிள்ளைக்கென்றே எழுதியது போல இருக்கிறது.

பெயர் வேண்டாம் என்ற வாசகி: கணவர் குடித்துவிட்டு அடிப்பார். எனக்கு வாகனச் சத்தம் கேட்டாலே நெஞ்சிடி. ஆலோசனை சொன்ன ஒருவர் "தாழ்ந்து போ, தண்ணீரைப் போல் இரு, மென்மை வெல்லும்" என்றார். வீட்டிலும் கர்மவினை என்கிறார்கள்.

சகோதரி, அந்த அறிவுரை உங்களுக்குப் பொருந்தாது. பின்பற்ற வேண்டாம்.

உங்கள் நெஞ்சிடி நோயின் பிழையான எச்சரிக்கை அல்ல, சரியான எச்சரிக்கை. "அஞ்சுவ தஞ்சாமை பேதைமை" என்று வள்ளுவர் இதைத்தான் சொன்னார். தாவோ சிகிச்சையின் முதல் படியே உண்மையான நெருக்கடி எது என்று பார்ப்பது. அந்தப் படியைச் செய்திருந்தால் உங்களை அடிக்கும் ஆள் அங்கே தெரிந்திருப்பார். அதைத் தாவி மூன்றாவது இணையைத் தூக்கி உங்கள் தலையில் வைத்திருக்கிறார்கள். முதல் இணையின் "கேடு செய்யாதே" யாருக்குச் சொல்ல வேண்டியது? சைவத்திலும் வினைக் கொள்கை, அடிபடுகிறவர் வாயை மூடுவதற்குத் தந்த பூட்டு அல்ல. "நாமார்க்கும் குடியல்லோம் நமனை யஞ்சோம்" என்று பாடியவரும் பணிவின் வடிவமான அப்பர்தான். அரசன் அழைத்தபோது அப்படிச் சொன்னார்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 12 மாதம் வரை அது செல்லும். காயம் இருந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, மனநல உதவிக்கு 1926. அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கொஞ்சக் காசு, இவற்றை ஒரு பையில் போட்டு நம்பிக்கையான ஒருவரின் வீட்டில் வையுங்கள். மனத்தை ஆற்றும் வேலை நீங்கள் பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகு தொடங்கட்டும்.

ஐந்துசந்தி வாசகர்: முஸ்லிம்களுக்கு இது ஆகுமா?

நாலாவது இணையைத் தவக்குலோடு, அதாவது இறைவனிடம் பொறுப்புச் சாட்டுவதோடு, வைத்துப் பாருங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன நபிமொழியில் கட்டுவதும் உண்டு, சாட்டுவதும் உண்டு. தாவோவில் சாட்டுவதற்கு ஒருவன் இல்லை. அந்த எல்லையைத் தெரிந்துகொண்டு நன்னெறிச் சொற்களை எடுக்கலாம். இதற்கு வெளியே தேடவும் தேவையில்லை. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் யாழ்ப்பாணத்தில் தளர்வுப் பயிற்சிக்கு அவரவர் சமயத்தையே பாவித்தார்கள்: சைவருக்கு மந்திர செபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர் (இறைவனின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது).

நல்லூர் வாசகர்: இரண்டு வருடமாக இரவில் டயசிப்பாம் போடுகிறேன். இப்படி ஒரு சிகிச்சை தொடங்கினால் குளிசையை விடலாமா?

ஒரே நாளில் விட வேண்டாம். இவ்வளவு காலம் போட்ட உடம்பு திடீரென்று விட்டால் நித்திரையின்மை, நடுக்கம், முன்னதை விட மோசமான பதற்றம், சிலருக்கு வலிப்பும் வரலாம். அப்படி வந்ததும் "சிகிச்சை பிழை, என் நோய் திரும்பிவிட்டது" என்று நினைத்துப் பழைய அளவை விடக் கூட்டிப் போடுகிறார்கள். எழுதித் தந்த வைத்தியரே அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கிழமைகள் அல்லது மாதங்கள் எடுக்கும். சீன ஆய்வில் இரண்டும் சேர்ந்து பெற்ற குழுவை நினைத்துக்கொள்ளுங்கள்: குளிசையும் உளச்சிகிச்சையும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. நீண்ட காலத்துக்குப் பழக்கமாகாத வேறு குளிசைகள் இருக்கின்றன. அவை வேலை செய்ய இரண்டு முதல் நாலு கிழமை, சில வேளை அதற்கு மேலும் ஆகலாம். டயசிப்பாம் போடும் நாளில் மது தொடவே கூடாது, மூச்சை அமுக்கிவிடும். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது குளிசை அட்டையையும், இரண்டு கிழமை எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழும்பினீர்கள் என்று எழுதிய கொப்பியையும் கொண்டு போங்கள்.